இது எத்தனாவது தோசை?

மாவு தீர்வதற்குள் அவர் ஒரே ஒரு தரம் தானாக நிமிர்ந்து பார்த்துவிட்டால் புனே வேண்டாம், இங்கேயே இருந்துவிடலாம் என்று, தோசைக்கல்லில் அரை வெங்காயத்தைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது செண்பகவல்லி முடிவு செய்தாள். முடிவு செய்தபிறகு அவளுக்கே சிரிப்பு வந்தது. நாற்பத்து நாலு வயசு, விளம்பரக் கம்பெனியில் பத்துப் பேரை வைத்து வேலை வாங்குகிற பொம்பளை, பூவா தலையா போட்டுப் பார்க்கிற பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி தோசை மாவை வைத்துத் தன் வாழ்க்கையைத் தீர்மானிக்கிறாளே என்று. ஆனால் ஒன்பது மணிக்குள் பதில் எழுதியாக வேண்டும். புனே தலைமை அலுவலகத்தில் தெற்கு மொழிகள் எல்லாவற்றுக்கும் அவள்தான் பொறுப்பு, வீடு அவர்களே தருகிறார்கள், வியாழக்கிழமை கிளம்ப வேண்டும், சரியா இல்லையா, ஒரு வார்த்தை போதும் என்று எழுதியிருந்தார்கள். சாப்பாட்டு மேசையில் அவள் புருஷன் கோமதிநாயகம் உட்கார்ந்தாயிற்று. தண்ணீர்ச் செம்பில் செல்போனைச் சாய்த்து வைத்தாயிற்று. அதில் யாரோ நாலு பேர் எங்கேயோ ஒரு பாழுங்கிணற்றில் இறங்கிச் சேறு அள்ளிக்கொண்டிருக்கிறார்கள். மடிப்பாக்கத்தில் மூன்றாவது மாடியில் உட்கார்ந்திருக்கிற மின்வாரிய இன்ஜினியருக்கு அந்தக் கிணற்றில் என்ன வைத்திருக்கிறதோ தெரியவில்லை, தூர் வாரி முடியும்வரை கண்ணை எடுக்க மாட்டார். முன்பு சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் சுவர் இருந்தது. அவர்தான் அதை இடிக்கச் சொன்னார், நீ உள்ளே தனியா நிக்கிற மாதிரி இருக்கு என்று. இப்போது சுவர் இல்லை. அடுப்படியில் நின்றால் அவருடைய உச்சந்தலை நன்றாகத் தெரிகிறது. அந்தச் சுழியில் நரை விழுந்திருக்கிறது, அது எப்போது விழுந்தது என்று அவளுக்குத் தெரியும்.

கல் காய்ந்துவிட்டது. தண்ணீர் தெளித்தாள், சுர்ரென்று சத்தம், அவர் திரும்பவில்லை. சத்தத்துக்குத் திரும்ப வைப்பது தந்திரம், அது கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இன்றைக்குத் தந்திரம் எதுவும் கூடாது. அவளுக்குத் தெரிந்த வித்தையை எல்லாம் எடுத்துவிட்டால் இவர் என்ன, இந்தத் தெருவே நிமிரும். அதுதானே அவள் சோறு. ஒரு கையில் பஸ் கம்பி, ஒரு கையில் போன், காதில் வேறு ஒரு பாட்டு, மனசில் வீட்டுக்காரன் வாடகை என்று நிற்கிறவனைப் பிடித்து நிறுத்தி ஒரு சோப்பை வாங்க வைப்பது என்றால் சும்மாவா. கேட்கிற நேரம் கிடைக்காது, கிடைப்பது கட்டைவிரல் மேலே தள்ளுகிற நேரம்தான், அதற்குள் ஒரு கொக்கி விழ வேண்டும். புதிதாகச் சேருகிற பிள்ளைகளுக்கு அவள் சொல்லுவாள், கத்தாதீங்கப்பா, எல்லாரும் கத்துற இடத்துல கத்துனா யாரு கேப்பா, சட்டுன்னு பேச்ச நிறுத்துங்க, நிறுத்துனா திரும்புவான். நல்ல பொருள் என்று சொல்லாதீர்கள், கேள்வியாகக் கேளுங்கள், கேள்வி கேட்டால் மனுஷ மூளை பதில் தேடாமல் விடாது. வாக்கியத்தைப் பாதியில் விடுங்கள். இன்று மட்டும் என்று சொல்லுங்கள், நாளைக்கு இருக்காது என்று தெரிந்தால்தான் கை நீளும். அந்தக் கடைசி வித்தையை எழுதிப் போட்டு எத்தனை குக்கர் விற்றுக் கொடுத்திருக்கிறாள். நாளைக்கும் குக்கர் இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும், இருந்தாலும் வாங்குவார்கள். பெண்டாட்டி நாளைக்கும் இருப்பாள் என்று நினைக்கிறவருக்கு எந்தப் பலகை மாட்டுவது. வேண்டாம். தானாக நிமிர வேண்டும். நிமிர்ந்து, என்னட்டி என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், புனேக்காரர்களுக்கு ஒரு பெரிய கும்பிடு போட்டுவிடலாம்.

முதல் தோசையைக் கொண்டுபோய் வைத்தாள். பக்கத்தில் பொடி, நடுவில் குழி பறித்து நல்லெண்ணெய். இந்தப் பொடி இன்றைக்கு வந்தது. அவள் விளம்பரம் எழுதிக் கொடுத்த கம்பெனி ருசி பார்க்க அனுப்பியது, பெயர்கூட ஒட்டாத வெள்ளிக் கவரில். எள்ளு கொஞ்சம் தூக்கல், பூண்டு வறுத்த வாசனை, நன்றாகத்தான் இருக்கிறது. அவருடைய வலது கை தட்டுக்கு வந்தது, பிய்த்தது, தோய்த்தது, வாய்க்குப் போயிற்று. கண் கிணற்றில். "இன்னைக்கு ஆபீஸ்ல ஒரு விஷயம் கேட்டாங்க," என்றாள். இது தந்திரம் இல்லை, வெறும் பேச்சுதான். "ம்," என்றார். இந்த ம்-ஐ அவளுக்குத் தெரியும். அவரிடம் பல ம் இருக்கின்றன, சரி என்கிற ம், காதில் விழவில்லை ஆனால் பேசிக்கொண்டிரு என்கிற ம், பாத்திரத்தை மூடுகிற மாதிரி மேலே விழுந்து மூடிவிடுகிற ம். இது மூடி. அவள் ஒரு விநாடி நின்று பார்த்தாள். முன்பெல்லாம் இவர் ம் சொன்னால் மேளத்தில் ஒரு கொட்டு கொட்டிய மாதிரி இருக்கும், மேலே சொல்லு, அப்புறம் என்ன ஆச்சு என்று அர்த்தம். திரும்பி அடுப்புக்கு வந்தாள். கோபம் வரவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. கோபம் வந்த காலத்தில் நம்பிக்கை இருந்தது, செல்போனைப் பிடுங்கி அரிசிப் பானைக்குள் போட்டிருக்கிறாள், அவரும் சிரித்துக்கொண்டே தேடி எடுத்திருக்கிறார். இப்போது கோபம் இருந்த இடத்தில் ஓர் ஏக்கம்தான் இருக்கிறது. இந்த ஆள் வேண்டும், இந்த ஆள்தான் வேண்டும், எதிரேயே இருக்கிறார், எட்டவில்லை.

இரண்டாவது ஊற்றினாள். வட்டமாக இழுக்கும்போது ஆவுடையண்ணன் ஞாபகம் வந்தது. ஆவுடையண்ணன் என்று ஒருத்தர் கிடையாது. எந்தச் சரக்கை விற்பதாக இருந்தாலும் அதை வாங்கப்போகிற ஒரு ஆளை முதலில் கற்பனை பண்ணிக்கொள்வது இந்தத் தொழிலில் வழக்கம், அந்த ஆளுக்குப் பெயர், வயசு, ஊர், எப்போது சாப்பிடுவான், எதற்குச் சிரிப்பான், எல்லாம் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுவார்கள். பொடிக்கு யாரைப் பிடிப்பது என்று யோசித்தபோது அவள் மூச்சு விடாமல் சொன்னாள். ஊர் சங்கரன்கோவில் பக்கம், இப்போது சென்னை, ஐம்பதைத் தொடப்போகிறார், ராத்திரிச் சாப்பாட்டுக்குப் போனோடு உட்காருவார், என்ன சாப்பிடுகிறார் என்று அவருக்கே தெரியாது, வலது கை எச்சில் என்பதால் இடது கட்டைவிரலாலேயே எல்லாம் பண்ணப் பழகிவிட்டார், கிணறு, சேறு, மாட்டிக்கொண்ட டிராக்டர் இவற்றையெல்லாம் பார்ப்பார், நல்லவர், யாரையும் கடிந்து பேச மாட்டார், சிரித்தால் முதலில் மூக்குதான் சிரிக்கும். விளம்பரத்தை யார் யார் போனில் விடுவது என்று பார்க்கிற ஜெபமலர் எழுதிக்கொண்டே வந்தவள் நிமிர்ந்து, "அக்கா, மூக்கு சிரிக்கிறதெல்லாம் எனக்கு வேண்டாம், வயசும் ஊரும் நேரமும் போதும்," என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். சொன்னபிறகுதான் செண்பகவல்லிக்கு உறைத்தது, தான் யாரைச் சொன்னோம் என்று. இப்படி ஒரு தப்பை யாராவது செய்வார்களா, கட்டின புருஷனைப் பொடி வாங்குகிற ஆளாக எழுதிச் சுவரில் ஒட்டுவதை. ஆனால் ஒட்டியபிறகு ஒன்று நடந்தது. ஆபீஸ் முழுக்க ஆவுடையண்ணன் மேல் பாசமாகிவிட்டது. ஆவுடையண்ணன் இதுக்குத் திரும்புவாரா, ஆவுடையண்ணனுக்கு இந்தச் சிவப்பு பிடிக்குமா, பாவம் அவரு வேலை முடிஞ்சு களைச்சு வந்திருப்பாரு, அவரைத் தொந்தரவு பண்ணாம எப்படிக் கூப்பிடுறது. ஒரு நாள் முழுக்க பத்துப் பேர் உட்கார்ந்து இவரைப் பற்றியே பேசினார்கள். அவளுக்கு அது இனித்தது. வீட்டுக்கு வந்து அந்த மனுஷனைப் பார்த்தால் சுவரில் இருக்கிறவர்தான் நெருக்கமாகத் தெரிந்தார்.

தோசை ஓரம் தூக்கிக்கொண்டது. எடுத்துப் போட்டாள். இரண்டாவது எப்போது மறைந்தது, மூன்றாவதை எப்போது ஊற்றினாள், அவளுக்கே சரியாக நினைவில்லை, கை தன் பாட்டுக்குச் செய்தது. மாவுப் பாத்திரத்தைச் சாய்த்துப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம்தான். தந்திரம் கூடாது என்று சொன்னதை மீறினாள். தட்டை வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, வேண்டுமென்றே பாதியில் விட்டு, "நான் என்ன நெனைக்கேன்னா, நாம ரெண்டு பேரும்..." என்றாள். நிறுத்தினாள். காத்திருந்தாள். மாவட்டம் மாவட்டமாகச் சோதித்துப் பார்த்த வித்தை, இந்த இடத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அடுத்த வார்த்தைக்கு நிற்பார்கள். கோமதிநாயகம் மூன்றாவது தோசையைப் பிய்த்தார். கிணற்றில் ஒருத்தன் வாளியை ஆட்டிக் காட்டினான். "அடேயப்பா, ஊத்து வந்துட்டு," என்றார், அவளிடமா கிணற்றிடமா தெரியவில்லை. அவள் ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தாள். ஏன் ஆமாம் சொன்னாள்?

வண்ணாரப்பேட்டையில் முதல் வீடு. ஒரே அறை, ஒரு மூலையில் அடுப்பு. அங்கே மேசை ஏது, கவிழ்த்துப்போட்ட அண்டா மேல் உட்கார்ந்து அடுப்புக்கு நேரேதான் சாப்பிடுவார், கல்லிலிருந்து நேராகத் தட்டுக்கு. மூக்கில் வியர்வை வழியும். கண் மட்டும் இவள் மேல். புதுசாகக் கல்யாணமான பெண்ணுக்கு அந்தப் பார்வையோடு தோசை சுடுவது எவ்வளவு கஷ்டம், வட்டமே வராது. நடுவில் கேட்பார், "ஏட்டி, இது எத்தனாவது?" அவர் வயிறு நிறையச் சாப்பிடட்டும் என்று ஒன்றைக் குறைத்துச் சொல்லுவாள், "மூணு." உடனே, "பொய். நாலு. போதும் எந்திரி, இப்ப நீ உக்காரு." கரண்டியைப் பிடுங்கிக்கொள்வார். அண்டா மேல் அவளை உட்கார்த்திவிட்டு அவர் சுடுவார். அவர் சுட்ட தோசை எந்த வடிவத்தில் வரும் என்று அவருக்கே தெரியாது, ஒரு நாள் இலங்கை, ஒரு நாள் வாத்து. தினம் அதே கேள்வி, தினம் அதே பொய், அவர் தினமும் கண்டுபிடிப்பார். அவர் எண்ணிக்கொண்டிருந்தார் என்பதுதான் விஷயம். எண்ணிக்கொண்டே, தெரியாத மாதிரி கேட்டார். தன் வாழ்க்கையில் தன்னை அவ்வளவு கவனித்தவர் வேறு யாரும் இல்லை, அம்மாகூட இல்லை. பொடி விளம்பரத்துக்கு ஒரு கேள்வி வேண்டும் என்று நாள் கணக்காகத் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகு ஒரு மத்தியானம் அது தானாக வந்து விழுந்தது. போன் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறவரிடம் போனே கேட்க வேண்டும், இது எத்தனாவது தோசை? குரல் கொடுக்க வந்த பையனுக்கு அவள் சொல்லிக்கொடுத்தாள், அப்படி இல்லப்பா, கொஞ்சம் கேலியா, கொஞ்சம் ஆசையா, எதிரே இருக்கிறவ பொய் சொல்லப்போறான்னு தெரிஞ்சுகிட்டுக் கேக்கணும். பையனுக்குப் புரியவில்லை, பல தரம் சொல்லவைத்தாள். கடைசியில் வந்தது. வந்ததும் அறையை விட்டு வெளியே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

நாலாவதை ஊற்றினாள். புனேயில் ஓர் அறை இருக்கும். ஜன்னல் இருக்கும். ஊர்ப் பேச்சு கேட்காது, மராத்தி கேட்கும். ராத்திரி ஒற்றைத் தோசை சுட்டுக்கொண்டு நின்றபடியே தின்றுவிட்டுப் படுக்கலாம். மகள் திருச்சி விடுதியிலிருந்து, ஏம்மா இந்த வயசுல என்று கேட்பாள், அப்புறம் சரி, உன் இஷ்டம் என்று விடுவாள். அந்தத் தனிமைக்கு அவள் பயப்படவில்லை. வேறொரு பயம் இருந்தது, அதைத் தொடத் தொட அது வளர்ந்தது. தான் போனபிறகு இவர் எப்போது கவனிப்பார்? வியாழக்கிழமை சாயங்காலம் வருவார், செம்பில் தண்ணீர் பிடித்துப் போனைச் சாய்ப்பார், கை தட்டுக்குப் போகும். அப்போது தெரியுமா? இல்லை, வாசலில் ஓர் ஆளை வரவழைத்துச் சாப்பாடு வாங்கிவிடுவாரா, அந்தச் சாப்பாட்டை அதே கையால் அதே மாதிரி பிய்த்துத் தின்பாரா? ஒருவேளை கரண்ட் போய், போனும் அணைந்து, இருட்டில் வல்லி என்று கூப்பிட்டால் தெரியலாம். போக வேண்டாம் என்று இவர் சொல்ல வேண்டாம், போகிறாயா என்று கேட்டால்கூடப் போதுமே. ஒரு செய்தி அனுப்பினால் போதும், அது தெரியும். இந்த அடுப்படியில் நின்று, புனே என்று இரண்டு எழுத்து அடித்து அந்தப் போனுக்கு அனுப்பினால் கண் முன்னால் வந்து விழும், உடனே நிமிர்வார், பதறுவார். அப்படி அல்ல. அப்படி நிமிர்வது அந்தப் போனுக்கு நிமிர்வது.

தோசையைத் தட்டில் போட்டுவிட்டு அவள் திரும்பிய அப்போதுதான் கிணற்றுச் சத்தம் நின்றது. மண்வெட்டிச் சத்தம், பின்னால் ஓடிய மேளம், பேசிக்கொண்டிருந்த ஆள், எல்லாம் சட்டென்று அடங்கியது. அந்த மௌனத்தை அவளுக்குத் தெரியும். முதல் விநாடி ஒன்றுமே இருக்கக் கூடாது என்று வாடிக்கையாளரோடு சண்டை போட்டு வாங்கிய மௌனம் அது. இன்று சாயங்காலம் விளம்பரத்தை விட்டுவிட்டேன் அக்கா என்று ஜெபமலர் சொன்னது இப்போதுதான் நினைவுக்கு வந்தது. சங்கரன்கோவில் பக்கத்து ஆள், சென்னையில், இந்த வயசில், சாப்பாட்டு நேரத்தில். ஆவுடையண்ணனைத் தேடிக்கொண்டு போன விளம்பரம் சரியான வீட்டுக்குத்தான் வந்திருக்கிறது. கல் மேல் தோசை பொரிகிற சத்தம் போனிலிருந்து வந்தது. பிறகு கேலியும் ஆசையுமாக அந்தக் குரல், "ஏட்டி, இது எத்தனாவது தோசை?"

கோமதிநாயகத்தின் கை நின்றது. தட்டைப் பார்த்தார். அங்கே ஒரு தோசை இருப்பதை அப்போதுதான் பார்த்தவர் போலப் பார்த்தார். முதலில் மூக்கு சிரித்தது, பிறகு முகம் முழுக்கச் சிரித்தது, அவர் நிமிர்ந்தார். நேராக அவளைப் பார்த்தார். எத்தனை நாளைக்கு அப்புறம் அந்தக் கண்கள், வண்ணாரப்பேட்டைக் கண்கள், கொஞ்சம் சுருக்கத்தோடு. "ஏட்டி வல்லி," என்றார், "நெசமாவே இது எத்தனாவதுட்டி?" இது கணக்கில் சேருமா? தானாக நிமிரவில்லை, என் தந்திரம்தான் நிமிர்த்தியது. ஆனால் அந்தத் தந்திரம் யாருடையது, அவருடைய கேள்விதானே, அவர் வாயிலிருந்து எடுத்து அவருக்கே அனுப்பியது, அவர் வாய்க்கே திரும்பி வந்துவிட்டது. சேரும். சேரட்டும். இனிமேல் ஒரே ஒரு வார்த்தை பாக்கி. அவள் உதட்டை நனைத்துக்கொண்டு, இருபது வயசுக் குரலில், "மூணு," என்றாள்.

பொய் என்று சொல்லுங்க. நாலு என்று சொல்லுங்க. எந்திரி, நீ உக்காரு என்றுகூட வேண்டாம், பொய் என்று மட்டும் சொல்லுங்க.

"மூணுதானா? அப்ப இன்னொண்ணு போடு," என்றார். கண் மறுபடி இறங்கிவிட்டது. ஆனால் முகத்தில் இன்னும் சிரிப்பு இருந்தது, அதனால் பேசினார், ரொம்ப நாளைக்குப் பிறகு நிறையப் பேசினார். "எவனோ சரியான பய எழுதியிருக்கான் பாத்துக்கோ. நம்ம வீட்டுக்குள்ள ஒளிஞ்சிருந்து பாத்த மாதிரில்லா இருக்கு. பொடி வெளம்பரம். நல்லா செவசெவன்னு இருக்கு. நாமளும் தெனம் ஒரே பொடியத்தானே திங்கோம், ஒரு மாறுதலுக்கு வாங்கிப் பாப்பமே." விரலில் ஒட்டியிருந்த பொடியை நக்கிக்கொண்டே, இடது கட்டைவிரலால் இரண்டு இடத்தில் தொட்டார். "ஆர்டர் போட்டுட்டேன். வெள்ளிக்கெழம வந்திரும்."

அவருடைய தட்டில், எண்ணெய்க் குளத்தைச் சுற்றி, அதே பொடி இருந்தது.

"வெள்ளிக்கிழமை நான் புனேல இருப்பேன்," என்றாள் செண்பகவல்லி. தாழ்த்தவும் இல்லை, உயர்த்தவும் இல்லை, சும்மா சொன்னாள்.

"ம்," என்றார். கிணற்றில் தண்ணீர் முழங்கால் அளவுக்கு வந்திருந்தது.

அவள் பாத்திரத்தை வழித்துக் கடைசி மாவை ஊற்றினாள். வட்டமாக இழுக்கவில்லை, போகிற போக்கில் விட்டாள், அது எந்த வடிவமும் இல்லாமல் போயிற்று. நன்றாக முறுகவிட்டாள். அடுப்பை அணைத்தாள். அலமாரியிலிருந்து தனக்கு ஒரு தட்டு எடுத்து, அதில் தோசையைப் போட்டுக்கொண்டு, வெள்ளிக் கவரிலிருந்து பொடி வைத்துக்கொண்டு வந்து அவருக்கு எதிரே நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். சூடாகத் தின்று எவ்வளவோ நாளாயிற்று. பொடி நன்றாகத்தான் இருந்தது. சரி, வருகிறேன் என்று புனேக்கு அடித்தாள், எழுத்துப்பிழை இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்தாள், அனுப்பினாள். அனுப்பியபிறகும் போனைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள், அதை அவளால் நிறுத்த முடியவில்லை. நிமிர மாட்டீங்களா, இப்பவாவது, இன்னும் ஒரு தடவை. அவருடைய கண் கிணற்றுத் தண்ணீரில் இருந்தது. அவருடைய வலது கை தட்டுக்கு வந்து, அங்கே இல்லாத ஐந்தாவது தோசையை, எண்ணெயிலும் பொடியிலும் தடவித் தேடிக்கொண்டிருந்தது.